பூட்ஸ் போட்ட நடவுக்காரி

லம்துவனைப் பார்த்ததுமே அந்தப் பாங்காக் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெயர் பிம். விழா நடத்திக்கொடுக்கும் கம்பெனியிலிருந்து வந்தவள். கையில் குறிப்பெழுதும் அட்டை, காதில் ஒரு கருவி. லம்துவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பாத்தா விவசாயி மாதிரியே இல்லையே நீங்க."

லம்துவன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கால்பந்து அணியின் முழுக்கைச் சட்டை. முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இடம் விட்ட பின்னல் குல்லாய். முப்பது வருஷமாக இந்தக் கோலத்தில்தான் ஏழு ஏக்கரில் நெல் விளைவிக்கிறாள். வடகிழக்குத் தாய்லாந்தில், யசோதோன் பக்கத்து வயல்களில் எவளைக் கூப்பிட்டு நிறுத்தினாலும் இப்படித்தான் இருப்பாள்.

"விவசாயின்னா வேற எப்பிடிம்மா இருக்கணும்?"

பிம் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவுரி நீலத்தில் சேலைத்துணி மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு ஒருத்தி வரப்பில் நின்றாள். வெறுங்கால். காதோரம் ஒரு வெள்ளைப் பூ. சேற்றில் ஒரு சொட்டுகூட அவள் மேல் பட்டிருக்கவில்லை.

"பூ எதுக்கு? கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்குச் சூட்டி விடவா?"

பிம்முக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் புன்லெர்ட் ஓடி வந்துவிட்டான். ஊர்த் தலைவன், லம்துவனின் தம்பி. அவனும் அன்றைக்கு நீல உடுப்பில், இடுப்பில் கட்டம்போட்ட துண்டு கட்டிக்கொண்டு நின்றான். வீட்டில் எப்போதும் அரைக்கால் சட்டையோடு திரிகிறவன்.

"அக்கா, ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. மாவட்ட ஆபீஸ்லேர்ந்து துணைத்தலைவர் வர்றாரு. ஊருக்கு ரோடு போட்டுத் தர்றேன்னு வாய் தொறந்து சொல்லிருக்காரு. சட்டைய மாத்திக்க, பூட்ஸக் கழட்டிரு."

"சட்டைய மாத்துறேன். பூட்ஸ் கழட்ட மாட்டேன்."

"படத்துல அசிங்கமா விழும்னு சொல்றாங்கக்கா."

"நீ விழுறதவிடவாடா?"

பன்னிரண்டு நடவுக்காரிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதினோரு பேர்தான் தேறியிருந்தார்கள். அதனால்தான் லம்துவனைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் போய்விட்டால் ஆள் குறையும். புன்லெர்ட் நீலச் சட்டையை மட்டும் நீட்டினான்; அவள் குல்லாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள்.

விழாவின் பெயர் 'மண்வாசனைத் திருநாள்'. ஏரிக்கரை மேட்டில் மூங்கில் கடைகள் வரிசையாக நின்றன. மூங்கில் இந்த ஊருடையதுகூட இல்லை. லாரியில் வந்து இறங்கியது. ஒரு பந்தலில் மூன்று பேர் உலக்கை போட்டு நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். லம்துவனைவிடப் பத்து வயது மூத்தவர்கள்; ஊரில் அரவை மில் வந்த அன்றைக்கு உலக்கையைப் பிளந்து அடுப்பெரித்தவர்கள். இப்போது நகரத்து ஆட்கள் சுற்றி நின்று "என்ன நிம்மதியான சத்தம்" என்று படம் பிடித்தார்கள். லம்துவன் அவர்களைக் கடந்து போகும்போது, "தோள் கழண்டு போற சத்தம் அது" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இன்னொரு பந்தலில் எருமை. அப்படி ஒரு எருமையை அவள் வயலில் பார்த்ததே இல்லை. எண்ணெய் தேய்த்து மினுமினுவென்று, கொம்பில் மாலையோடு, மின்விசிறிக் காற்றில் படுத்திருந்தது. ஒரு காண்ட்ராக்டர் கண்காட்சிகளுக்கென்றே வளர்ப்பது. ராத்திரி கொசுவலைக்குள் தூங்குமாம். 'உழவனின் தோழன்' என்று பக்கத்தில் பலகை. லம்துவன் சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டு எருமையின் விலாவில் எலும்பை எண்ணலாம். அதன் தோள்புண்ணில் ஈ மொய்க்கும். அதோடு சேர்ந்து அவள் அப்பாவும் சேற்றில் விழுந்து எழுந்திருக்கிறார். தோழனாம்! எஞ்சின் வைத்த கலப்பை வண்டி வந்தபோது அந்த மிருகம்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருக்கும்.

பத்து மணிக்குத் துணைத்தலைவர் மேடை ஏறினார். மெலிந்த மனிதர். பாங்காக் பேச்சு, சுத்தமான உச்சரிப்பு.

"நம் முன்னோருக்கு ஆஸ்பத்திரி ஏது? மண்தான் மருந்து. சேற்றில் கால் வைத்தவரை நோய் அண்டியதில்லை. இன்றைக்கு நம் பிள்ளைகளின் பாதங்கள் அந்த மண்ணை மறந்துவிட்டன."

கூட்டம் கைதட்டியது. நகரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பஸ்ஸில் அழைத்து வரப்பட்ட நாற்பது பிள்ளைகளும் டீச்சர் சொன்னதால் தட்டினார்கள். லம்துவன் கீழே துப்பினாள்.

முதலில் நடவுப் போட்டி. ஊர்ப் பெண்களும் விருந்தாளிப் பெண்களும் பக்கத்துப் பக்கத்துப் பட்டையில் நட வேண்டும். புன்லெர்ட் வரப்போடு வந்து ஒவ்வொருத்தியிடமும் கிசுகிசுத்தான்: "மெதுவா நடுங்க. விருந்தாளி ஜெயிக்கட்டும்."

லம்துவனுக்குப் பக்கத்துப் பட்டையில் இறங்கியவள் துணைத்தலைவரின் மனைவி ரச்சனி. நாற்பத்தைந்து இருக்கும். அவள் உடுத்தியிருந்த நீலத் துணி கைத்தறி. கழுத்தில் முத்து. ஆளுயரக் குடையை ஒருத்தன் வரப்பில் பிடித்துக்கொண்டு நின்றான். வெறுங்காலைச் சேற்றில் வைத்தபோது அவள் முகத்தில் ஓர் இறுக்கம் ஓடியது. இதோ, இப்போது கீச்சென்று கத்தப்போகிறாள், அட்டை, அட்டை என்று குதிக்கப்போகிறாள் என்று லம்துவன் ஆசையோடு காத்திருந்தாள்.

விசில் ஊதியது.

ரச்சனி கத்தவில்லை. நாற்று முடியை இடது கையில் சாய்த்து வாங்கினாள். கட்டை விரலால் மூன்று நாற்றைப் பிரித்தாள். விரல் நுனி பட்டதும் படாததுமாகச் சேற்றில் ஊன்றினாள். அடுத்தது, அடுத்தது, ஒரு எட்டு பின்னால். முதுகு பலகை மாதிரி அசையாமல் குனிந்தபடி நின்றது. வரிசை கயிறு பிடித்தது போல் போனது.

லம்துவன் வாயைப் பிளந்தாள். இது கற்றுக்கொடுத்து வருகிற கை இல்லை. பிழைப்புக்காக நட்ட கை.

தம்பி சொன்ன மெதுவெல்லாம் அவளுக்கு மறந்து போயிற்று. குனிந்தாள். கையால் நட்டு இருபது வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் விதையை இயந்திரம் தெளிக்கிறது. ஆனாலும் விரல்கள் பிடித்துக்கொண்டன. இரண்டு பேரும் தோளுக்குத் தோள் பின்வாங்கினார்கள். மூச்சு வாங்க லம்துவன் கேட்டாள்:

"மேடம் எந்த ஊரு?"

"பாங்காக்."

"இந்தக் கையா?"

ரச்சனி நிமிரவில்லை. இன்னும் இரண்டு நாற்றை ஊன்றினாள். பிறகு சன்னமாக, சுத்தமான ஊர்ப் பேச்சில் சொன்னாள்:

"தாட் பானோம் பக்கம். நம்ம வடகிழக்குச் சீமைதான், ஆத்தங்கரைத் தாழ்வுநெலம். பதிமூணு வயசுல தையல் ஃபேக்டரிக்கு அனுப்பிட்டாங்க. யார்ட்டயும் சொல்லிராதீங்க அக்கா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"தெரியும். அவரு கூட்டாளிங்களுக்குத்தான் தெரியக் கூடாது. தடுமாறித் தடுமாறி நடு, பாக்க அழகா இருக்கும்னு சொல்லி அனுப்பினாரு. எறங்குனதும் கை அதும்பாட்டுக்குப் போயிருச்சு."

"இப்ப தடுமாறுங்களேன்."

"வரலையே."

அப்படியே முடித்துவிட்டாள். லம்துவனுக்கு இரண்டு முழம் முன்னதாக. ஒலிபெருக்கிக்காரன் துள்ளினான்: "மேடம் நமக்காக ஒரு மாசம் பயிற்சி எடுத்துருக்காங்க!" துணைத்தலைவர் மேடையில் சிரித்தார், பல் மட்டும் தெரிய.

அடுத்தது பிள்ளைகள். நாற்பது ஜோடி செருப்பு வரப்போரம் குவிந்தது. லம்துவன் சேற்றிலிருந்து ஏறி நேராக பிம்மிடம் போனாள்.

"புள்ளைங்கள வெறுங்கால்ல எறக்காத. பூட்ஸ் குடு. இல்லன்னா எறக்கவே எறக்காத."

"பெரியம்மா, இது மண்ணோட உறவு..."

"மழை பேஞ்சு நாலு நாளாத் தேங்கி நிக்கிற தண்ணி. வரப்பு பூரா எலி வளை. உறவாம் உறவு!"

சத்தம் பெரிதானது. ஒலிபெருக்கிக்காரன் சமாளிக்கப் பார்த்தான். ஓடிவந்து மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "இதோ, நம்ம உண்மையான விவசாயத் தாய்! சொல்லுங்கம்மா, பழைய காலம் எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு?"

லம்துவன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சொல்றேன். என் தங்கச்சி பேரு சைபின். பதினாறு வயசு. வெறுங்கால்ல நட்டா. குதிகால்ல ஒரு வெடிப்பு இருந்துச்சு, அவ்வளவுதான். பத்தாம் நாளு காய்ச்சல். கெண்டைக்காலத் தொட விட மாட்டா, அப்பிடி ஒரு வலி. கண்ணு செவந்துச்சு. அப்புறம் மஞ்சளாச்சு. நடவு முடியட்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னாரு எங்கப்பா. நடவு முடிஞ்சுது. அவளும் முடிஞ்சுட்டா. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணி. இதான் நீங்க கேட்ட பழைய காலம்."

படம் பிடித்துக்கொண்டிருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று லம்துவன் ஒரு நிமிஷம் நம்பினாள்.

ஒலிபெருக்கிக்காரன் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டான். குரல் தழுதழுத்தது. நன்றாகவே தழுதழுக்கத் தெரிந்தவன். "எவ்வளவு பெரிய தியாகம்! நம்ம தட்டுல விழுற ஒவ்வொரு பருக்கையிலயும் ஒரு சைபின் இருக்கா. சைபினுக்காக ஒரு பலத்த கைத்தட்டல்!"

தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துணைத்தலைவர் எழுந்து நின்றே தட்டினார்.

"இப்போ, நம்ம குட்டி விவசாயிங்க வயல்ல எறங்கப் போறாங்க!"

லம்துவனுக்குத் தங்கையைக் கொண்டுபோய் இவர்கள் கையில் கொடுத்துவிட்டோமே என்றிருந்தது. நாய் குரைத்திருந்தாலும் இவர்கள் அதற்கு ராகம் போட்டிருப்பார்கள்.

முதல் வரிசைப் பிள்ளைகள் வரப்பில் கால் வைத்தார்கள்.

"நில்லுங்க!"

ரச்சனி. முழங்கால் வரை சேறு, கழுத்தில் முத்து. மைக் இல்லை, தேவையும் படவில்லை. கத்தியது பாங்காக் பேச்சில் அல்ல.

"ஒரு புள்ள எறங்கக் கூடாது. செருப்ப மாட்டுங்க எல்லாரும். டீச்சரம்மா, நின்னு வேடிக்கை பாக்காதீங்க, கூட்டிட்டுப் போங்க. அந்த அக்கா சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

டீச்சர்கள் அரை நிமிஷத்தில் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒலிபெருக்கிக்காரன் பாட்டுப் போட்டான். மேடையில் துணைத்தலைவரின் பக்கத்தில் இருந்த அதிகாரி ஏதோ கேட்டார். துணைத்தலைவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

பிள்ளைகள் தப்பித்ததில் லம்துவனுக்குப் பெருமூச்சு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. செத்துப்போன தங்கையை வைத்துச் சொன்னதற்குக் கைதட்டல்; அதிகாரி பெண்டாட்டி அதட்டியதற்குக் கீழ்ப்படிதல். இவ்வளவுதான் இவர்கள்.

குழாயடியில் ரச்சனி காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். லம்துவன் சோப்பை எடுத்துக் கொடுத்து, குனிந்து பாதத்தைப் புரட்டிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை.

"காய்ச்சல் அடிச்சா வீட்டுல கெடக்காதீங்க. நேரா டாக்டர்ட்டப் போய் சேத்துல நின்னேன்னு சொல்லுங்க."

"சரிக்கா."

"மனசுல உள்ளதச் சொல்லிடுறேன். உங்களப் பாத்ததும் எனக்கு எளக்காரமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றாள் ரச்சனி. "இந்த வயசுலயும் இந்தச் சேத்துலயே கெடக்குறா பாருன்னு நெனச்சேன்."

லம்துவனுக்குச் சுருக்கென்றது. "எனக்கு ஏழு ஏக்கர் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

"ஒரு புருஷன் இருக்காரு."

இரண்டு பேரும் மேடையைப் பார்த்தார்கள். துணைத்தலைவர் எருமையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். ரச்சனிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் புன்லெர்ட் அக்கா வீட்டு வாசலில் நின்று, "ரோடு போச்சு. உன் வாயால போச்சு" என்றான்.

"பத்து வருஷமா வராத ரோடுடா அது. இன்னைக்கு என் வாயால போச்சா?"

ரோடு வரவில்லைதான். அடுத்த வருஷம் விழாவும் வரவில்லை. சொன்னபடி கேட்கிற வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊர்த் தலைவன் அறிவித்ததைக் கேட்டு லம்துவன் அங்கிருந்த தன் உறவுக்காரிகளுக்கெல்லாம் போன் போட்டு எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர், "உனக்குப் பொறாமை" என்றார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, விழா நடந்த வருஷத்து அறுவடைக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு நாள் மத்தியானம் ரச்சனி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். கணவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். முத்து இல்லை. லம்துவன் பச்சைப் பப்பாளியை இடித்து, ஊறவைத்துப் புளித்த மீன் சாற்றைத் தாராளமாக ஊற்றி, ஒட்டரிசிச் சோற்றோடு தரையில் வைத்தாள். ரச்சனி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் வீட்டில் அந்த மீன் வாடையே ஆகாதாம். கை கழுவின பிறகும் போக மனமில்லாமல், சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து பிம், புன்லெர்ட், ஒலிபெருக்கிக்காரன், துணைத்தலைவர், விசிறிக் காற்று வாங்கின எருமை என்று ஒருத்தரை விடாமல் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.