சுவரில் எழுதியிருந்த அளவு

ஆண்டர்சன்பேட்டைக்கு மேற்கே மேட்டின் மேல் நின்ற மாடி வீட்டைத் தங்கச் சுரங்கத்து ஆட்கள் மொட்டை பங்களா என்றார்கள். மற்ற துரைகளின் பங்களாக்களுக்கு ஓட்டுத் தாழ்வாரமும் நாலு பக்கம் நிழலும் உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. மேலே ஐந்து ஜன்னல், கீழே நாலு, நடுவில் கதவு, கதவுக்கு மேல் விசிறி விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி. லண்டனில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் கட்டிய தன் குடும்பத்து வீட்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் அதே அச்சில் எழுப்பியது. தெருவில் மற்ற வீடுகளோடு ஒட்டி நிற்க வேண்டிய வீடு, தெருவே இல்லாத மேட்டில் தனியாக நின்றது.

1968இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்தார்கள். ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாது. உள்பூச்சை மட்டும் புதுப்பிக்கப் பழங்கட்டடக் குழு ரத்தினம் மேஸ்திரியை அனுப்பியது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்து கல்வெட்டுப் பதிப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை ரத்தினம், தேக்கு மாடிப்படி ஏறும் தெற்குச் சுவரைச் சுரண்டினார். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே மேலிருந்து கீழாக ஒரு விரிசல். எந்தக் காலத்திலோ ஒரு கொத்தனார் அதைச் சுண்ணாம்பால் அடைத்துவிட்டு, ஈரம் காயுமுன் ஆணியால் எழுதியிருந்தார்: '1909, இரண்டு நூல்.' எட்டு நூல் ஓர் அங்குலம். சற்றுக் கீழே வேறு கையெழுத்து: '1931, நாலு நூல்.' அதற்கும் கீழே: '1952, ஏழு நூல்.' ஒவ்வொருவரும் அளந்து, அடைத்து, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பையும் விட்டு விலகிச் சுவர் மறுபடி பிளந்திருந்தது. ரத்தினம் மடக்குக்கோலை வைத்துப் பார்த்தார். பதினைந்து நூல்.

விரலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. விரிசலிலிருந்து காற்று வந்தது. சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு வரும் புகை நாற்றம்.

பின்கட்டில் குடியிருந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள் டெய்சி. அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த நாத்தமா? நம்ம அடுப்புல இருந்து வருதுன்னு நெனச்சேன் மேஸ்திரி" என்றாள். "ஈஸ்டர்ல இருந்து மாடி ரூம் கதவு சாத்த வரல. பட்டப்பகல்ல படிக்கட்டு தானா முனகுது. யாரும் ஏறவே மாட்டாங்க, முனகுது."

மறுநாள் வந்த குழுவின் இன்ஜினியர் ஜெயகரன் விரிசலைப் பார்த்தார். எழுத்தைப் படித்தார்.

"மூடுங்க" என்றார்.

"சார், கீழ இருந்து காத்து வருது."

"இந்த வூட்டுக்கு அடியில தோண்டக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே பாறையை அப்படியே உட்டுட்டாங்க. இந்த ஊர்லயே கெட்டியான எடம் இதான். வெள்ளிக்கிழமைக்குள்ள பூசி முடிங்க."

ரத்தினம் பூசவில்லை. வீட்டுக்கு அடியில் பாறை இருக்கிறது என்றால் அது எங்கே முடிகிறது என்ற யோசனை அவரை விடவில்லை. விரிசல் தரையில் இறங்கி, பின்சுவரைத் தாண்டி வெளியே போயிருந்தது. அதே நேரில் கயிறு பிடித்து நடந்தார். தோட்டத்துக் காய்ந்த தொட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. காம்பவுண்டு சுவரிலும் கோடு. அதற்கு அப்பால் வரிசையாக ஆறு தொழிலாளர் வீடுகள். கயிறு மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றது. டெய்சியின் தங்கை ஃப்ளோரா வீடு.

"போன மாசம்தான் தரைய மெழுகுனேன், மறுபடி வாயத் தொறந்துக்குச்சு" என்றாள் ஃப்ளோரா.

பங்களாவுக்கு விட்ட பாறையின் ஓரம் இதுதான். இந்த வீடுகள் ஓரத்துக்கு வெளியே, சுரங்கம் குடைந்த வெற்றிடத்தின் மேல் இருந்தன.

இனி இங்கே படுக்க வேண்டாம் என்று வியாழக்கிழமை ஆறு வீட்டாரிடமும் சொன்னார். ஃப்ளோராவின் புருஷன் சகாயம் சிரித்தான். அவன் சுரங்கத்துக்குள் வேலை செய்பவன்.

"கீழ பாறை வெடிக்காத நாள் ஏது மேஸ்திரி? பாத்திரம் உருளும், எடுத்து வெப்போம்."

மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் எங்கே போவது?

"பங்களா கூடம் சும்மாதான் கெடக்குது" என்றாள் டெய்சி. "சாவி எங்கிட்ட இருக்கு. எல்லாரும் வாங்க."

"உங்க வேலை போயிடும் டெய்சிம்மா."

"போவட்டும். எந்தப் பக்கம் படுக்கலாம், அதைச் சொல்லுங்க."

"வடக்குப் பக்கம். அங்கதான் அடியில பாறை இருக்கு. படிக்கட்டுகிட்ட ஒரு குழந்தைகூட போகக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை ஜெயகரன் வந்து கதவைத் திறந்தபோது கூடம் நிறையப் பாய்கள், பானைகள். இரண்டு தூண்களுக்கு நடுவே சேலைத் தூளி ஆடியது.

"இன்னா இது? பெரிய ஆளுங்க வண்டி பங்காருப்பேட்டை தாண்டிடுச்சு! ஒரு மணி நேரத்துல காலி பண்ணணும்!"

டெய்சி கதவோரம் நின்று, "இவங்கள எங்க அனுப்பச் சொல்றீங்க சார்?" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃப்ளோரா பாயைச் சுருட்டத் தொடங்கினாள். சகாயம் இங்கே இல்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவன், கூட்டத்தில் தூக்கம் வராது என்று வீட்டுக்கே போய்ப் படுத்துவிட்டான்.

முதலில் சத்தமில்லை. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. பிறகு காலுக்கு அடியில் லாரி லாரியாகக் கல் கொட்டியது போல ஓர் ஓசை. தெற்குச் சுவர் இரண்டாகப் பிரிந்து, தேக்குப் படி முழுதாகப் பெயர்ந்து விழுந்தது. வடக்குப் பக்கம் அசையவில்லை. தூளியில் இருந்த குழந்தை மட்டும் அழுதது.

வெளியே ஓடினார்கள். வரிசையின் நடுவில் மூன்று வீடுகள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. ஃப்ளோரா வீட்டுக் கூரை தரையில் கிடந்தது. ஜெயகரனும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரத்தினத்தோடு மண்ணை வாரினார். சகாயத்தை வெளியே எடுக்க மத்தியானம் ஆனது. உயிர் இல்லை.

"ஷிப்டு முடிஞ்சு நல்லபடியா மேல வந்துட்டாருன்னு காலையிலதான் சந்தோஷப்பட்டேன்" என்றாள் ஃப்ளோரா.

கல்வெட்டுப் பதிக்க வந்த வண்டி மேட்டுக்குக் கீழேயே திரும்பிப் போயிற்று. மற்ற ஐந்து குடும்பங்களும் நாற்பது நாள் கூடத்திலேயே இருந்தன. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. ஃப்ளோரா பேத்தமங்களாவில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரத்தினம் இறங்கிய வீடுகளுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். கோடு அங்கே முடியவில்லை. மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, சாலைக்குக் கீழே போய், கடைவீதிப் பக்கம் திரும்பியது. ஒரு தையல் கடை வாசலில் குனிந்து நின்றார்.

"இன்னா மேஸ்திரி, இன்னாத்தத் தேடுறீங்க?" என்றாள் கடைக்காரி பாக்கியவதி.

"மெஷினைக் கொஞ்சம் நகத்தும்மா" என்றார் ரத்தினம். அவள் நகர்த்தினாள். அவர் முட்டி போட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தார். பங்களா விரிசலைப் போலவே தரையும் வெதுவெதுப்பாக இருந்தது.