தொண்ணூறுக்கு மேல்

பயிற்சி வகுப்பில் அந்த ஒலிப்பதிவைப் போட்டபோது அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். "இது நாம முதல்முதலா செஞ்ச எஞ்சின். முழு வேகத்துக்குக் கொண்டுபோறப்போ வெடிச்சுது. வேகத்தை ஏத்தி இறக்குற த்ராட்டில் மேசையில இருந்தவர் இறந்துட்டார். எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார் பாடம் எடுத்தவர். அவரும் வேலைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எதிரே உட்கார்ந்திருப்பது யாருடைய மகள் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் இரைச்சல். அதன் மேல் ஓர் ஆண்குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போனது. முழு வேகத்தை நூறு என்று வைத்தால் இப்போது எத்தனை என்ற கணக்கு. "எம்பத்தெட்டு. எம்பத்தொம்போ. தொண்ணூறு." இன்னொரு குரல் குறுக்கிட்டது. "அதிர்வு ஏறுது. கொஞ்சம் நில்லுடா." முதல் குரல் நிற்கவில்லை. "ஒரு புள்ளி தாண்டிட்டா அடங்கிடும்டா. நேத்தும் இப்படித்தான் ஆட்டம் காட்டுச்சு." பிறகு ஒரு சிரிப்பு. "கேளேன், எப்படிப் பாடுதுன்னு!" அத்தோடு பதிவு அறுந்துபோயிற்று.

அப்பா இறந்தபோது அவளுக்குப் பேச்சே வந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த போட்டோவில் அவருக்கு அடர்த்தியான மீசை. அந்த மீசைக்குப் பொருத்தமாக ஒரு கனத்த குரலை அவளே தைத்துக் கொடுத்திருந்தாள். தப்பு செய்தால் அதட்டியதும், பரீட்சைக்கு முன்னால் தேற்றியதும் அந்தக் குரல்தான். இதுவோ மெல்லிய குரல், மூக்கு வழியாக லேசாகக் கசிந்து, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனைப்போல அவசரப்பட்டது. அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவன். கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் வா போ என்றுதான் பேசியிருப்பாள்.

"தொண்ணூறுலயே நிறுத்தியிருக்கணும் சார்" என்றான் ஒருவன். "ஏன் நிறுத்தலன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் ஆசிரியர். "வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருப்பார் சார்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அது உறைத்தது.

அம்மா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா போன பிறகு, சோதனைக் கூடத்தின் சத்தம் எட்டாத இடமாகத் தேடி, ஊரின் மறுகோடியில், குன்றுக்குப் பின்னால் வீடு பிடித்தாள். மகள் அதே இடத்தில் வேலைக்குச் சேர்கிறேன் என்றபோது ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "எரிஞ்ச வீட்டுக்குள்ள போய் எதைடி தேடப் போற?" என்று கேட்டாள். அதற்கு மேல் தடுக்கவும் இல்லை. அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "மேல இருக்கிறவங்க நெருக்குனாங்க. அவர் என்ன பண்ணுவார்?"

ஒலிப்பதிவைக் கேட்டதை அன்று அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து, "முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டதும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா குரலைக் கேட்டேம்மா."

கத்தி நின்றது. மகள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அம்மா அழுவாள், அல்லது யார் அதைப் போடச் சொன்னது என்று சண்டைக்குக் கிளம்புவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படிடி இருந்துச்சு? முகம் போட்டோல இருக்கு. குரல்தான் போயே போச்சு. எவ்வளவோ நினைச்சுப் பார்த்துட்டேன், யார் யார் குரலோ வருது. ரேடியோக்காரன் குரலெல்லாம் வருது."

மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, அதே அவசரத்தோடு சொல்லிப் பார்த்தாள். "எம்பத்தெட்டு. எம்பத்தொம்போ."

"ஐயோ, நிறுத்துடி" என்றாள் அம்மா. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக, "இல்ல, சொல்லு. அப்படித்தான், கடைசி எழுத்தை முழுங்கிடுவார். இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். தொண்ணூறு வரை சொன்னாள். "அப்புறம்?" என்றாள் அம்மா.

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா. டேப் முடிஞ்சுபோச்சு."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

பதிவில் "நில்லுடா" என்ற குரல்காரர்தான் இப்போது சோதனைக் கூடத்துக்குத் தலைவர். அப்பாவின் சிநேகிதர். எஞ்சினின் அதிர்வை அளப்பது அந்த நாளில் அவர் வேலை என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவர் அதிர்வு மாமா. வெடிப்பில் இடது காது போய்விட்டது. யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். வகுப்பில் நடந்தது தெரியவந்ததும் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் லீவுல இருந்தேம்மா. இருந்திருந்தா உன்னை வெளிய அனுப்பியிருப்பேன்."

"அப்பா தப்பு பண்ணினாரா மாமா?"

"அந்த வேகத்துல அதிர்வு ஏறி, தாண்டுனா அடங்கும். பல தடவை அடங்கியிருக்கு. அன்னைக்கு அடங்கல." மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். "நில்லுன்னு சொன்னேன். பதிவுல இருக்கு. எந்த மனசோட சொன்னேன்னு பதிவுல இல்ல. எனக்கும் அது பாடுறதைக் கேக்கணும்னு இருந்துச்சு."

நாட்டிலேயே செய்த ஓர் எஞ்சினுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். நாட்டுக்கென்று ஒரு போர் விமானம் தயாராகிவிட்டது. ஆனால் அதற்குள் இருந்தது வெளியிலிருந்து வாங்கிய எஞ்சின். விற்றவர்கள் எப்போது தருவார்கள், எப்போது கையை விரிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. "மாப்பிள்ளை நம்ம பையன்தான், மூச்சு மட்டும் இரவல்" என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவின் எஞ்சின் வெடித்த பிறகு பல வருடம் தூங்கிக் கிடந்த வேலை, இப்போதுதான் புது எஞ்சினாக எழுந்து வந்திருந்தது. பயிற்சி முடிந்து இரண்டு வருடத்தில் அவள் த்ராட்டில் மேசைக்கு வந்தாள். "வேற ஆளைப் போடுறேன்" என்றார் மாமா. "வேற ஆளைவிட நான் நல்லாப் பண்றேனா இல்லையா?" என்று அவள் கேட்டதும் பட்டியலில் அவள் பெயரையே எழுதினார்.

புது எஞ்சினை முதல்முறையாக முழு வேகத்துக்கு ஏற்றிய அன்று காலையில் அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில், அப்பா காலத்தில் கண்ணாடி இருந்து வெடிப்பில் நொறுங்கிய பக்கம், இப்போது கனத்த கான்கிரீட் சுவர். எஞ்சினைத் திரையில்தான் பார்க்க முடியும். சுவரின் அந்த ஒரு பகுதியில் மட்டும் பெயின்ட்டின் நிறம் சற்று மாறியிருக்கும். முதல் நாளிலிருந்தே அவள் அதற்கு முதுகு காட்டி உட்காரப் பழகியிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெம்புகோலைத் தள்ளினாள். எண்பது வரை சுகமாக ஏறியது. தரை வழியாக ஒரு நடுக்கம் நாற்காலிக்கு வந்து, முதுகெலும்பில் குடியேறியது. "எம்பத்தெட்டு" என்றாள். "எம்பத்தொம்போ."

அவள் அப்படிக் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசுகிறவள் இல்லை. பின்னால் நின்றிருந்த மாமா தலையைச் சாய்ப்பது திரையின் கண்ணாடியில் தெரிந்தது.

"தொண்ணூறு."

"அதிர்வு ஏறுது" என்றது ஹெட்போனில் பக்கத்து மேசைப் பையனின் குரல். எச்சரிக்கைக் கோட்டை அது இன்னும் தொடவில்லை. கணக்குப்படி தொண்ணூற்றிரண்டில் அடங்கிவிட வேண்டும். அவளே போட்ட கணக்கு, மூன்று பேர் சரிபார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை இல்லாத ஒரு நீண்ட ஓசை எழுந்தது. அது அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் அது முழுசாகத் திறந்துகொள்ளும் என்று தோன்றியது. ஒரு புள்ளி தாண்டிட்டா அடங்கிடும் என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. யார் கொண்டுவந்து வைத்தது என்று தெரியவில்லை. பக்கத்தில், நாற்காலியை ஒட்டி, அவசரக்காரன் ஒருவன் குனிந்து நின்றுகொண்டு சிரிப்பை அடக்குவதுபோல் இருந்தது.

அவள் கை நெம்புகோலைக் கீழே இழுத்தது.

ஓசை சரிந்து, இரைச்சலாகி, மூச்சாகி, நின்றது. "யார் இறக்கச் சொன்னது?" என்றார் வந்தவர்களோடு நின்றிருந்த திட்ட இயக்குநர். "நான்தான் சார் இறக்கினேன்" என்றாள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, மரியாதையாகவே கிளம்பிப் போனார்கள். மாமா போகிற போக்கில் அவள் நாற்காலியின் முதுகை ஒருமுறை பிடித்துவிட்டு நகர்ந்தார்.

"நிறுத்திட்டேம்மா" என்றாள் சாயங்காலம்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "பயந்துட்டியா?"

"இல்ல. ஆசையா இருந்துச்சும்மா. ரொம்ப ஆசையா இருந்துச்சு."

அம்மா கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து நீவினாள். பிறகு, "அந்த ஆசையை எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "அதோடதானே நான் குடித்தனம் பண்ணினேன். யாரும் அவரை நெருக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

எஞ்சினை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். பிளேடுகள் செருகிய தட்டில் விரிசல் இல்லை. பேரிங்கில் கீறல் இல்லை. ஒளியைப் பாய்ச்சி, சாயம் தடவி, ஒவ்வொரு பிளேடாகத் தேடியும் மயிரிழை அளவு குறைகூட அகப்படவில்லை. தாண்டியிருந்தால் அடங்கியிருக்கும் என்றார்கள் சிலர். குறை இருந்தால்தான் வெடிக்குமா என்றார்கள் சிலர். இயக்குநர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார்.

மதிய இடைவேளையில் அவள் தனியாகப் போய், தாங்கியில் நிறுத்தியிருந்த விசிறித் தட்டின் முன்னால் நின்றாள். சுற்றிலும் செருகிய பிளேடுகள், அவள் முகத்தைத் துண்டு துண்டாகக் காட்டின. பிளேடுகள் அவற்றின் குழியில் கொஞ்சம் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். வேகம் பிடித்தால்தான் இறுகும். ஒரு விரலால் தட்டை லேசாகத் தள்ளினாள். மேலே போன பிளேடு ஒவ்வொன்றும் சரிந்து, க்ளிக் என்றது.

"அடுத்த ஓட்டத்துக்குத் தேதி குறிச்சாச்சு" என்று வாசலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மேசையில யாரைம்மா உட்கார வைக்கட்டும்?"

அவள் கையை எடுத்துவிட்ட பிறகும் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் அவர் தலையைச் சாய்த்து, கேட்கிற காதை அவள் பக்கம் கொடுத்துக் காத்திருந்தார். க்ளிக், க்ளிக் என்று ஓசை மெதுவாகி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.