ஊசாவின் கை

மூத்தவர் தம்பியின் காலர் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். பீரோவும் கட்டிலும் சுமந்தே பருத்த கழுத்து. உயிரோடு இருந்தபோதே எந்தச் சட்டைக்கும் அடங்கியதில்லை. அதற்காக, தன் வீட்டுப் பிள்ளை ஊரார் முன்னால் சட்டை திறந்து படுத்திருப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை இழுத்தார்.

"அத்தான்" என்று தலைமாட்டிலிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். "தன் அடக்கத்துல ஊசா பகுதியத்தான் வாசிக்கணும்னு சொல்லியிருந்தாரு. ஞாபகம் இருக்குல்ல?"

பொத்தான் விரலிலிருந்து நழுவியது.

ஞாபகம் இல்லாமல் என்ன? வேதத்தில் வரும் இடம். தாவீது ராஜாவும் ஆட்களும் ஆண்டவரின் பரிசுத்தப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மாடுகள் மிரள, பெட்டி சரிகிறது. ஊசா என்பவன் கை நீட்டிப் பிடிக்கிறான். பிடித்த இடத்திலேயே ஆண்டவர் அவனை அடிக்க, செத்து விழுகிறான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கிப் பிழைத்த தம்பிக்கு இந்த இடம் தொண்டையில் சிக்கிய முள்.

"சரியிற பீரோவப் பாத்துட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமாண்ணா? கை என்ன, என்னக் கேட்டுட்டா போகுது?" குடும்ப ஜெபத்தில் எந்தப் பகுதியை எடுத்தாலும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்பான். மூத்தவர் ஊசா செத்த வரியோடு வேதத்தை மூடிவிடுவார். "ஆண்டவரையே கேள்வி கேக்குற பழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது. முழங்கால் போடு."

முழங்கால் போடுவான். போட்டபடியே முணுமுணுப்பான். "நானா இருந்தாலும் பிடிச்சிருப்பேன்."

தம்பியின் கடைசி விருப்பம் இப்போது போதகர் காதுக்கும் எட்டியது. இளம் வயதுக்காரர். மூத்தவரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடக்க ஆராதனையில அத எப்படிங்கய்யா வாசிக்கிறது? ஆறுதலா ஒரு சங்கீதம் வாசிச்சிடலாம். அவர் தங்கமான மனுஷன்தான். ஆனா விசுவாசத்துல கொஞ்சம் ஆட்டம் உண்டு. உங்களுக்கே தெரியுமே."

தெரியும். இதைவிடக் கடுமையான வார்த்தைகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அது வேறொருவர் வாயிலிருந்து, அதுவும் தம்பி கிடக்கிற கூடத்தில் வந்தபோது, மூத்தவரின் காது மடல்வரை சுட்டது.

"யாருக்கு ஆட்டம்?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தம்பிய நான் திட்டுவேன் பாஸ்டர். அது எங்க வீட்டு விஷயம். நீங்க சொல்லாதீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கய்யா. சபையார் என்ன நினைப்பாங்கன்னுதான்..."

"நல்லா நினைக்கட்டும். ஆட்டம் கண்டவன் ஒரே பகுதியோட இத்தன வருஷம் மல்லுக்கு நிப்பானா? நாமல்லாம் நைசாத் தாண்டிப் போயிட்டோம். அவன் தாண்டல. இங்க குடுங்க அத."

போதகர் கையிலிருந்த வேதத்தை வாங்கி, சவப்பெட்டியின் கால்மாட்டில் நிமிர்ந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். ஊசா செத்த வரி வந்ததும் வேதத்தை மூடுகிற பழக்கத்தில் கட்டைவிரல் தானாக அட்டைக்கடியில் போனது. தலை தூக்கிப் பார்த்தார். சபை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் பாதியில் மூடினால் என்ன மரியாதை? மேலே வாசித்தார்.

தாவீது ராஜா விசனப்பட்டார். பயந்தார். பெட்டியைத் தன் ஊருக்குக் கொண்டுபோக மனமில்லாமல், வழியில் ஒருவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"இருங்க, இருங்க" என்றார் மூத்தவர், வாசிப்பது அவரேதான் என்றாலும். அந்த வரிகளை மறுபடி வாசித்தார். குரல் எகிறியது. "பாஸ்டர், இதக் கவனிச்சீங்களா? ராஜாவே கோவிச்சுக்கிட்டாரு! பெட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எவன் வீட்டுலயோ இறக்கிட்டுப் போயிட்டாரு!"

"பாதி வழியில லோடை இறக்கிட்டாரு" என்றார் பின்வரிசையிலிருந்து, தம்பியோடு லாரியில் சாமான் ஏற்றிய ஒருவர். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆமாப்பா, இறக்கிட்டாரு! கோவிச்சவர ஆண்டவர் அடிச்சாரா? அடிக்கலையே! மூணு மாசம் அவர் போக்குலயே விட்டுட்டாரு. அப்புறம் ராஜாவே ஆடிக்கிட்டு வந்து பெட்டிய எடுத்துட்டுப் போறாரு!"

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கி வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ஆனா ஊசா ஏன் செத்தான்கிறதுக்கு இது பதில் இல்லையேய்யா."

"இல்ல. பதில் இல்லதான்." மூத்தவருக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. "ஆனா கேட்டவனத் துரத்தலையே, பாஸ்டர்!"

"இதத்தான் அவரு சொல்ல வருவாரு அத்தான்" என்றாள் தம்பி மனைவி. "நீங்க அதுக்குள்ள முழங்கால் போடச் சொல்லிடுவீங்க."



கடைசிப் பாட்டு முடிந்தது. லாரிக்காரர்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "மூடிரலாமாய்யா?"

அவர் தலைமாட்டுக்குப் போனார். வேதம் கையில் விரிந்தபடியே இருந்தது. ஒரு விரல் ஊசா செத்ததற்கு அடுத்த வரியில் இருந்தது. தம்பியின் காதருகே குனிந்தார்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றார் லாரிக்காரர்களிடம்.

மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள். மூத்தவர் தம்பிக்கு மட்டும் கேட்கிற குரலில் வாசிக்க வாசிக்க, விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.