வேலூரின் முதல் நான்கு எழுத்து

ஆம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா ஜெபராஜுக்குச் சொந்த ஊர் வேலூர். ஊர்ப்பாசம் என்றால் சாமானியப் பாசமா! வேலூரை இங்கிலீஷில் எழுதினால் முதலில் வரும் வி, ஈ, எல், எல் என்ற நான்கு எழுத்தில் தொடங்கும் அபூர்வ வார்த்தைகளை அகராதியில் பொறுக்குவான். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மிஷன் பள்ளி டீச்சர் ஜெயபுஷ்பத்திடம் ஒன்று சொல்லிவிட்டுப் போவான். வெல்லம்: நாக்கில் எச்சில் ஊற வேண்டாம், எழுதுவதற்குப் பக்குவம் செய்த கன்றுத்தோல். வெல்லிகேட்: சதை வெடுக்கென்று துடிப்பது. வெல்: பால் உறைய வைக்க உதவும் கன்றின் இரைப்பை. சொன்ன வார்த்தையே திரும்பத் திரும்ப வந்தாலும் மூன்று வருஷமாக அவளும் கேட்டாள். வார்த்தையும் பிடித்திருந்தது, ஆளும் பிடித்திருந்தது.

பெண் கேட்டு மட்டும் வரவில்லை அந்த மகராசன். அவள் அப்பா ஏசுராஜ் எத்தனை நாள் பொறுப்பார்? மகளை ஒரு வார்த்தை கேட்காமல் காட்பாடி ரயில்வே மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டார். கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை உண்டா என்று போதகர் கேட்பார். மூன்றும் தாண்டினால் கல்யாணம்தான்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று ஜெபராஜ் முகம் செத்துப்போய் வந்து நின்றான். அன்றைக்கும் ஒரு வார்த்தைதான் கொண்டுவந்திருந்தான். வெல்லியிட்டி. ஆசை இருக்கும், அதற்காகத் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. அப்படிப்பட்ட மனசுக்குப் பெயராம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவனுக்கு எழுந்து நிற்க மட்டும் முடியாதா? இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

மூன்றாம் ஞாயிறு. தடை உண்டா என்று கேட்ட போதகர், பதிலுக்குக் காத்திராமல் காகிதத்தை மடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயபுஷ்பம் எழுந்தாள்.

“தடை இருக்குதுங்க ஐயா. பொண்ணுக்கு இஷ்டமில்ல. பொண்ணு நான்தான்.”

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்பா முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தும் அவள் உட்காரவில்லை. போதகர் காகிதத்தைப் பிரித்து இரண்டு பெயரையும் அடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

வாசலில் ஜெபராஜ் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான். அடுத்த ஓலை நமக்குத்தானே என்றான்.

“எங்கப்பா அதோ செருப்பு மாட்டினு நிக்கிறாரு. இப்பவே போய்க் கேளுங்க. உங்களுக்காக இன்னொரு வாட்டி நான் எழுந்து நிக்க மாட்டேன்.”

ஜெபராஜ் போனான். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டான்.