எலாடியோவுக்கு எத்தனை கோல்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வாழ்த்துமடலாகப் பிறந்து கெட்டுப்போனது. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்குத் தலைவர் செபஸ்ரியன். ஆண்டு விழாவுக்கு எலாடியோ வருகிறார், பொன்னாடை போர்த்துகிறோம், மடல் உம்முடைய பொறுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டார். எலாடியோ ஸ்பெயின்காரர், நடுக்கள ஆட்டக்காரர். கடைசி நான்கு ஆண்டுகள் ஆக்லாந்தில் ஆடிவிட்டு இப்போது ஓய்வுபெறுகிறார். (ஆள் என் கற்பனை. இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "கோல்மழை பொழிந்த கொற்றவனே!"

அந்த வரியை அடித்துவிட்டேன். பதினேழு ஆண்டுகளில் அவர் போட்டது மூன்றே கோல்.

இரண்டாம் தொடக்கம்: "மூன்று கோல் அடித்த முத்தே, நீ

இதற்குமேல் ஓடவில்லை. செபஸ்ரியனிடம் போனேன்.

"மூண்டெண்டா சனம் சிரிக்கும். பின்னால ஒரு சைபரைப் போட்டுவிடும், மாரிசாமி."

"பொய்யாயிடாதாங்க?"

"வாழ்த்துமடலில எது ஐசே மெய்?"

போன வருடம் செபஸ்ரியனுக்கு எழுதிய மடலில் அவரை அடக்கத்தின் சிகரம் என்று எழுதியவனே நான்தான்.

3

அப்புறம் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. மூன்றே கோல் அடித்தவருக்கு எதற்கு இத்தனை கூட்டம்? ஹென்டர்சன் ரயிலில் பாதிப் பிள்ளைகள் அவர் பெயர் போட்ட சட்டையோடு திரிகிறார்கள்.

செபஸ்ரியனின் மகள் றொஷானிக்குப் பதினான்கு வயது. அவளும் நடுக்களம்தான். "பந்தைப் பார்க்காதீங்கோ அங்கிள், வாட்ச் ஹிம்," என்றாள். "யாராவது மிஸ் பண்ணினா, நெக்ஸ்ட் பாஸ் அவருக்குத்தான்."

ஒரு ஆட்டம் முழுக்க அவரையே பார்த்தேன். சொதப்பிவிட்டுத் தலைகுனிந்து நின்றவனைத் தேடித்தான் பந்து போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. [கால்பந்துக்கு அழுத முதல் ராஜபாளையத்துக்காரன் நானாக இருக்கலாம்.]

"ப்ளீஸ் அங்கிள், த்ரீ எண்டே எழுதுங்கோ."

இரண்டு சீசனாக அவளும் ஒரு கோல்கூடப் போடவில்லை. பந்தாடியது போதும், இனிச் சனிக்கிழமை கணக்கு டியூஷன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். மூன்று கோலுக்கு ஊரறியப் பொன்னாடை போர்த்திய கையால் தன்னை எப்படி நிறுத்துவார் என்பது அவள் போட்ட கணக்கு. கெட்டிக்காரிதான்.

4

தைரியசாலி எண்ணை எழுதியிருப்பான். நான் கோடு போட்டு இடம் விட்டேன்: "பதினேழு ஆண்டுகளில் ____ கோல்." மேடையில் வாசிக்கப்போவது றொஷானிதானே!

விழா நாள். அரைக்கால் சட்டையோடு வந்த எலாடியோவின் தோளில் ஜரிகைப் பொன்னாடை. றொஷானி நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தாள். கோடு வந்ததும் நின்றுவிட்டாள். முன்வரிசையிலிருந்து செபஸ்ரியன் மூன்று விரலைக் காட்டினார். பிறகு விரலை வளைத்துச் சைபரும் காட்டினார்.

5

முடிவு (அ): "முப்பது," என்றாள். மண்டபம் அதிரக் கைதட்டல். எலாடியோவும் ஒன்றும் புரியாமல் கைதட்டினார். சனிக்கிழமை டியூஷன்.

முடிவு (ஆ): "மூண்டு," என்றாள். ஒருவரும் கைதட்டவில்லை. செபஸ்ரியன் மெல்ல எழுந்து

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை. விழா முடிந்ததும் அவர் காரில்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள், வாசகரே. அவள் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எந்த எண்ணானாலும் சரி, செபஸ்ரியன் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.