தமிழில் அப்படிச் சொல்ல முடியாது

கணவர் சாம்ராஜ் போன பிறகு ஜூடித்துக்கு உறுத்தாமல் இருந்தது ஒரே ஒரு வேலைதான். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். ஆட்கள் வந்து தமிழில் அழுது தீர்ப்பதைக் கேட்டுக் கன்னடத்தில் மனுவாக அடித்துக் கொடுப்பாள். பாகத் தகராறோ, பிள்ளை துரத்திவிட்ட கதையோ, எதுவானாலும் சரி. காது வழியாக வந்தது விரல் வழியாகப் போய்விடும். நடுவில் எங்கேயும் தங்காது. தங்காமல் இருப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதனால்தான் தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிட்டபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். சயனைட் மேட்டின் மேல் சூரிய மின்சார நிலையம் வரப்போகிறது, அதைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள், அதிகாரி பேசுவதைத் தமிழிலும் ஜனங்கள் பேசுவதைக் கன்னடத்திலும் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தங்கவயலில் எல்லாருக்கும் கடைவீதிக் கன்னடம் தெரியும். ஆபீஸ் கன்னடம் வேறு. அது வாயில் நுழையாது.

மகள் ஜெனிட்டா பெங்களூர் ரயிலைப் பிடிக்கத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கேட்டதும் சீப்பை வைத்துவிட்டாள்.

"அந்தக் கூட்டத்துக்கா? அப்பாவ என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சும் அவங்களுக்கு வாய் குடுக்கப் போறியாம்மா?"

"ரெண்டு பக்கத்துக்கும்தான் குடுக்கறேன்."

"உனக்குக் கோவமே வரலியா?"

ஜூடித் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். "வரலடி," என்றாள். அது உண்மை. ஜெனிட்டா டிபன் டப்பாவை எடுக்காமலே போய்விட்டாள்.

மேடு அவர்களுக்குப் புதிதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை மாவாக அரைத்து, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில்தான் அவர்கள் குடியிருந்தார்கள், பின்வாசலைத் திறந்தால் அதுதான் தெரியும். காற்றுக் காலத்தில் கொஞ்சம் பறக்கும், மழை வந்தால் அடங்கிவிடும். மேலே காய்ந்து இறுகிய தோல் மாதிரி ஒரு படலமும் புல்லும் இருந்ததால் பெரும்பாலும் படுத்தே கிடக்கும்.

மாநில அரசின் புதிய மின்சாரக் கொள்கை இப்படிப்பட்ட பாழ் நிலங்களைத்தான் தேடியது. நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம், யாருடைய வயலையும் பிடுங்காத மின்சாரம். நல்ல விஷயம் என்றுதான் சாம்ராஜே சொன்னார். கொள்கையில் ஒரு விதியும் இருந்தது. ஜனங்கள் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை ஒரு கூடை மண்ணைக்கூடப் புரட்டக் கூடாது.

ஆனால் போன ஆடியில் புல்டோசர்கள் வந்தன. காற்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மேட்டின் தோலை உரித்துவிட்டார்கள். லைன் முழுக்க வெள்ளையாகிவிட்டது. தண்ணீர்க் குடத்தில் ஆடை கட்டியது, சோற்றில் நறநறத்தது. ஜூடித் போர்வைகளை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். காய்ந்ததும் மறுபடி நனைத்தாள். சாம்ராஜுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. பெங்களூர் ஃபேக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, கட்டிலில் கையை ஊன்றி உட்கார்ந்தே தூங்கப் பழகினார்.

"கூட்டமே வைக்கல, அதுக்குள்ள இன்னா அவசரம் இவனுங்களுக்கு?" என்றார் ஒருநாள். பெரிதாக அவர் பேசிய கடைசி வாக்கியம் அது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் செயலிழப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். சர்ச்சில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். "அழுதுடு ஜூடித், அழுதுடு," என்றார்கள். அவளுக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை.

அவரை அடக்கம் செய்த சில வாரங்களில் புல்டோசர்கள் காணாமல் போயின. அதன் பிறகுதான் கருத்துக் கேட்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கூட்டம் நந்திதுர்க் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேடையில் நடுவில் விசாரணை அதிகாரி. நரைத்த கொண்டை, கண்ணாடி, வடகர்நாடகத்துப் பெண்மணி. பக்கத்தில் கம்பெனியின் தள மேலாளர் அனில், ஹூப்ளிக்காரன், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். இருவருக்கும் தமிழ் சுத்தமாகத் தெரியாது. மேடை ஓரத்தில் மைக்கோடு ஜூடித்.

முதல் ஒரு மணி நேரம் சுலபமாகப் போனது. இத்தனை வீட்டுக்கு விளக்கெரியும், தகடுகள் மூடிக்கொள்வதால் தூசியே அடங்கிவிடும் என்றெல்லாம் அனில் படம் போட்டுக் காட்டினான். ஜூடித் தமிழில் சொன்னாள். அந்த மின்சாரம் எங்கள் லைனுக்கு வருமா, இல்லை பெங்களூருக்குப் போய்விடுமா என்று யாரோ கேட்டார்கள். ஜூடித் கன்னடத்தில் சொன்னாள். சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு பார்வதம்மா எழுந்தாள். ஜூடித் வீட்டுக்கு ரெண்டு வாசல் தள்ளி இருப்பவள், கோழி வளர்ப்பவள், பயம் அறியாதவள்.

"தூசி அடங்கும்னு சொல்றாரே, ஆடி மாசம் வண்டி வுட்டு மேட்ட நோண்டுனீங்களே, அத யாரு கேக்கறது?"

ஜூடித் மாற்றிச் சொன்னாள். அனில் உடனே பதில் சொன்னான். வேலை எதுவும் தொடங்கப்படவில்லை, நடந்தது வெறும் சர்வே. ஜூடித் அதையும் தமிழில் சொன்னாள். "வேலை எதுவும் தொடங்கப்படவில்லை என்கிறார். வெறும் சர்வே என்கிறார்." அவள் குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கூட்டம் அவளையே பார்த்தது.

பார்வதம்மா விடவில்லை. "சர்வேயா? எங்க லைன்ல ஜூடித்தோட வூட்டுக்காரரு மூச்சு முட்டியே போய்ச் சேந்தாரு. அதும் சர்வேதானான்னு கேளும்மா."

ஜூடித் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ஜூடித் என்பவருடைய கணவர் அந்தச் சமயத்தில் மூச்சுத் திணறி இறந்ததாக இவர் சொல்கிறார். அதுவும் சர்வேயா என்று கேட்கிறார்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "அந்த ஜூடித் கூட்டத்துக்கு வந்திருக்கிறாரா?"

"வந்திருக்கிறார் மேடம்."

"எங்கே?"

"நான்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் உட்காருங்கள், வேறு யாரையாவது..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் மேடம். நான் செய்கிறேன்," என்றாள் ஜூடித்.

பின்வரிசையிலிருந்து சின்னசாமி என்ற ஆட்டோக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஆடி மாதம் தன் வீட்டு மாடியிலிருந்து எடுத்த படம். புல்டோசர் மேட்டின் முதுகில் ஏறுகிறது, பின்னாலேயே வெள்ளைப் புழுதி எழுந்து லைனை மூடுகிறது. அதிகாரி அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு போனை அனிலின் முன்னால் வைத்தார். அவன் படத்தைப் பார்த்தான். எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு கன்னடத்தில் ஒரே சொல்லாகச் சொன்னான்.

"தப்பாகிதெ."

தப்பு நடந்துவிட்டது. அவ்வளவுதான் அர்த்தம். அதிகாரி ஜூடித்தைப் பார்த்துத் தலையசைத்தார். தமிழில் சொல்லச் சொல்கிறார்.

ஜூடித் வாயைத் திறந்தாள். சொல் வந்து நாக்கில் நின்றது. தப்பு நடந்துவிட்டது. மழை பெய்துவிட்டது மாதிரி. பால் பொங்கிவிட்டது மாதிரி. எத்தனையோ மனுக்களில் அவளே அடித்திருக்கிறாள். இந்தத் தடவை அது வெளியே போக மறுத்தது.

"மேடம்," என்றாள். "இதைத் தமிழில் அப்படிச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"யார் செய்தது என்று சொன்னால்தான் தமிழில் வாக்கியம் நிற்கும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது பச்சைப் பொய் என்று தெரியும். 'தப்பு நடந்துபோச்சு' என்று தினமும் சொல்கிற ஜனங்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பார்வதம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ் தெரியாத இரண்டே பேர் மேடையில் இருந்தார்கள்.

அதிகாரி அனிலிடம் திரும்பினார். "யார் செய்தது என்று சொல்லுங்கள்."

"கம்பெனி செய்தது."

ஜூடித் தலையசைத்தாள். "கம்பெனியில் யார் என்று கேட்பார்கள் மேடம்."

அனில் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மழை பிடிப்பதற்குள் மேட்டை மட்டம் செய்துவிட்டால் நேரம் மிச்சம் என்று மேலிடத்தில் கேட்டதாகவும், வேண்டாம் என்று சொல்லத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றும் அவன் ஏதோ முணுமுணுத்தான். பிறகு நிமிர்ந்தான். "நானே ஹேளிதே. வண்டிகளை அனுப்பச் சொன்னது நான்."

ஜூடித் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். மொழிபெயர்ப்பவர் ஆளின் வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும். "நான்தான் சொன்னேன்," என்றாள் தமிழில். "வண்டிகளை அனுப்பச் சொன்னது நான்."

அந்தச் சொற்கள் அவள் வாயிலிருந்து வெளியே போய்க் கூடத்தின் மறுகோடிச் சுவர்வரை போவதைக் கேட்டாள். ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. கால் மட்டும் வலித்தது, வெகு நேரமாக நின்றுகொண்டிருந்ததால்.

கூட்டம் கலைந்தபோது அனில் படியில் அவளை நிறுத்தினான். பின்வரிசையில் யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, தமிழில் நிஜமாகவே அப்படிச் சொல்ல முடியாதா?" என்று கன்னடத்தில் கேட்டான்.

"முடியும்," என்றாள் ஜூடித். அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று மாலை ரயிலில் வந்திறங்கிய ஜெனிட்டாவுக்கு ஸ்டேஷனிலேயே கதை எட்டிவிட்டது. வீட்டுக்குள் ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்து தேம்பினாள். ஜூடித் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அடுப்பில் வைத்த பருப்பை நினைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரியின் உத்தரவு வந்தது. விதியை மீறியது உண்மை. புல் பிடிக்கும்வரை மேட்டில் கை வைக்கக் கூடாது. வேலை செய்யும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், வலை கட்ட வேண்டும், காற்றுக் காலத்தில் நிறுத்த வேண்டும். நடந்த வேலையைக் கம்பெனி ஊர்க்கூட்டத்தில் வந்து ஒப்பிக்க வேண்டும். சாம்ராஜைப் பற்றி ஒரு வரி இருந்தது. தூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வக்கீல் படித்துக் காட்டினார். "மேல போலாம் ஜூடித், நான் நடத்தறேன்," என்றார். பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு சுவர்த் தகராறு மனுவை அடிக்க உட்கார்ந்தாள். அனிலை எங்கோ மாற்றிவிட்டார்கள். மேலிடம் மேலிடத்திலேயே இருந்தது.

மழை முடிந்து, புல் பிடித்த பிறகு மேட்டின் ஒரு பக்கம் நீலத் தகடுகள் முளைத்தன. கம்பெனி வந்து ஒப்பிக்க வேண்டிய முதல் ஊர்க்கூட்டத்துக்கு ஜூடித்தை யாரும் கூப்பிடவில்லை. கோலாரிலிருந்து ஒரு பையனை மொழிபெயர்க்க அழைத்து வந்திருந்தார்கள். அவள் தானாகவே போனாள். பார்வதம்மாவுக்குப் பக்கத்தில், ஜனங்களோடு உட்கார்ந்தாள். புது மேலாளர் எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றார். கேள்வி உண்டா என்று கேட்டபோது ஜூடித் கையைத் தூக்கினாள்.

"பேரு?" என்றான் மொழிபெயர்க்கும் பையன்.

"ஜூடித் சாம்ராஜ். ஸ்கெலட்டன் லைன்." அவள் கன்னடத்திலேயே கேட்டிருக்கலாம். தமிழில் கேட்டாள். "போன வாரம் காத்து அடிச்சப்போ மேக்கால பக்கம் வண்டி ஓடுச்சு. தண்ணி தெளிக்கல. நான் பின்வாசல்ல நின்னு பாத்தேன். ஓட்டச் சொன்னது யாரு? எங்க வூட்டுக்காரரு இந்தத் தூசியிலதான் செத்தாரு. அதையும் சேத்து எழுதிக்குங்க."

பையன் கன்னடத்தில் சொன்னான். தண்ணீர் தெளிக்கவில்லை என்று புகார் என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

ஜூடித் உட்காரவில்லை. "முழுசா சொல்லுங்க தம்பி," என்றாள். "நான் நிக்கறேன்."

பையன் மேடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். அவள் கணவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் சொன்னான். மேலாளருக்குப் பக்கத்தில் இருந்த தாலுகா ஆபீஸ் அதிகாரி எழுதிக்கொண்டார். மேலாளர் விசாரித்து அடுத்த கூட்டத்தில் பெயரோடு பதில் சொல்வதாகச் சொன்னார். சொல்வாரோ மாட்டாரோ.

அவள் உட்கார்ந்ததும் பார்வதம்மா கையைப் பிடித்தாள். "இன்னா ஜூடித்து, கை இப்படி சில்லுனு கீது? பயமா?"

"தெரியலக்கா," என்றாள் ஜூடித். மேடையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவள் கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.