ஆர்டோவின் கடைசி பாக்கெட்

"உன்னோடதுதான். மீன் பண்ணைக்காரரு ஒவ்வொரு மாத்தமா கழிச்சுப் பார்த்து உன் பேட்ச்ல வந்து நிக்கிறாரு."

"கத்தாத மெர்வி. அவரு பழைய நெட்வொர்க் கார்டு போட்டிருப்பாரு. இங்க ஒரு தடவகூட அந்தக் கோளாறு வரலியே."

"இங்க வரலன்னா அங்கயும் வரலன்னு அர்த்தமா?"

தாம்பெரே நகரத்தின் அந்த வரிசை வீடுகளில் சுவர்கள் மெல்லியவை. முற்றத்தில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தெல்லெர்வோ, தட்டி முடித்ததையே மறுபடி மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். இத்தனை காலம் ஒன்றாக இருந்தும் கல்யாணம் செய்துகொள்ளாத ஜோடி என்றைக்காவது பிரியும் என்பது அவளுடைய கணிப்பு. காரணம் வேறொரு பெண்ணாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கர்னலாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கணினியின் இயங்குதளத்துக்கு அடித்தளம் போன்றது கர்னல். அதில் வலைத்தொடர்பைக் கவனிக்கும் பகுதியை ஆர்டோ குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதியிருந்தான்; அப்படி எழுதி அனுப்பும் மாற்றத்துக்குப் பேட்ச் என்று பெயர். வந்து விழும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, ஒவ்வொன்றாக இல்லாமல் கொத்தாகச் சேர்த்து மேலே தள்ளும் ஏற்பாடு. வேகம் கூடியது, ஆர்டோவின் கழுத்தும் கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகுதான் நார்வேயிலிருந்து அந்த மீன் பண்ணைக்காரர் எழுதினார்: சோதனைக்கு விட்ட புதுக் கர்னலைப் போட்டதிலிருந்து தீவன இயந்திரம் பேச்சுமூச்சற்று நின்றுவிடுகிறது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளரான எடின்பரோ கேலம் இரண்டே வரி அனுப்பினார். ஞாயிறன்று இறுதி வெளியீடு. அதற்குள் சரிவராவிட்டால் ஆர்டோ எழுதியது மொத்தத்தையும் கர்னலிலிருந்து பிடுங்கிவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை, வீட்டுச் சவுனாவில் நீராவிக் குளியல் நாள். நீராவி அடுப்பைப் போட்டால் வீட்டு ஃப்யூஸ் மற்ற எதையும் தாங்காது என்பதால், ஆர்டோ எப்போதும் சோதனை இயந்திரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். சண்டை போட்ட கோபத்தில் அன்று மறந்துவிட்டான். மெர்விக்கும் கோபம்தான். பாக்கெட்டுகளைச் சரமாரியாக வீசும் பெரிய இயந்திரத்தை மட்டும் அணைத்துவிட்டு, வாங்கிக்கொள்ளும் இயந்திரத்தை ஓடவிட்டு, தன் மடிக்கணினியிலிருந்து அதற்குள் நுழைந்தாள். அவளும் இதே தொழில், வேறு கம்பெனி. அவன் தப்பை நிரூபிக்கத்தான் உட்கார்ந்தாளா, காப்பாற்றவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓர் எழுத்தைத் தட்டினாள்; அது ஒரு பாக்கெட்டாக அங்கே போய்த் திரும்பி வர வேண்டும். திரையில் வரவில்லை. இன்னொன்று தட்டினாள். முதல் எழுத்து வந்தது.

சவுனாக் கதவைத் தட்டினாள். "ஆர்டோ, வெளிய வா."

"இப்பத்தான் தண்ணி ஊத்தினேன்."

"துண்டக் கட்டிக்கிட்டு வாப்பா. ஒரே ஒரு எழுத்து தட்டு, போதும்."

உடம்பெல்லாம் சிவந்து, ஆவி பறக்க வந்து தட்டினான். காத்திருந்தான். மெர்வி கடைசியாகத் தட்டியதுதான் வந்தது; அவனுடையது வரவில்லை. அவன் முகத்தை அவள் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தெல்லெர்வோவின் கம்பளம்.

"நான் எப்பவும் கூட்டமா அனுப்பித்தான் பார்த்தேன்," என்றான் மெதுவாக. "வேகத்தத்தானே அளக்கணும்னு."

"பின்னாடி ஆள் வந்துக்கிட்டே இருந்தா எல்லாம் போயிடுது. கடைசியா வர்றது துணைக்கு ஆள் வரும்னு வாசல்லயே நிக்குது. மீன் பண்ணையில ஏது கூட்டம்?"

கொஞ்ச நேரம் பார், யாரும் வராவிட்டால் இருப்பதை அனுப்பிவிடு: நாலு வரியில் அடங்கிய திருத்தம். ஆனால் கர்னல் எழுதுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றத்தால் கெட்டது என்று திருத்தத்தின் அடியில் எழுதியாக வேண்டும். அழிக்க முடியாது, யாரும் எப்போதும் பார்க்கலாம்.

"அத நான் வேணா எழுதி அனுப்பட்டா?" என்றாள் மெர்வி.

"கெடுத்தது நான். நானே எழுதறேன்." துண்டோடு உட்கார்ந்து தன் பேட்சின் தலைப்பைத் தட்டினான். அதன் கீழே, புகார் சொன்னவர் என்று மீன் பண்ணைக்காரர் பெயர், சோதித்தவர் மெர்வி.

சனிக்கிழமை மத்தியானம் கேலமிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: சேர்த்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் நார்வேயிலிருந்தும், மீன்கள் ஒழுங்காகச் சாப்பிடுகின்றன என்று. மெர்விக்குத் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. ஆர்டோ வாசற்படியில் உட்கார்ந்து சுட்ட சாசேஜைக் கடுகு தொட்டுத் தின்றுகொண்டே கேட்டான், "கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"மொதல்ல வாயில இருக்கறத முழுங்கு."

ஆகஸ்டில் நடந்தது. தெல்லெர்வோ, கணிப்பு தவறியதற்கு அபராதம் கட்டுவதுபோல, நல்ல காப்பிக் கெட்டில் ஒன்று கொடுத்தாள். அக்டோபரில் மெர்விக்கு வடக்கே ஓலு நகரத்தில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பினார்கள். சோதனை இயந்திரங்கள் ஒவ்வொன்றும் கல்யாணத்துக்கு வாங்கிய புதுப் பஞ்சுப் போர்வை சுற்றப்பட்டு, காரின் பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தன. கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில், காரில் இடமில்லாமல், முற்றத்தில் நின்று ஈரப்பனியில் நனைந்துகொண்டிருந்தது.